மூன்று கோல் கடன்

2 மே 2019, விடியுமுன்

சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இரண்டு ஆட்டங்களில் முதலாவது (முதல் லெக்), பார்சலோனாவில்: பார்சா 3, நம் லிவர்பூல் 0. ஆடின ஆட்டத்துக்கு அநியாயமான ஸ்கோர்.

கடைசி நொடியில் பார்சாவின் டெம்பலே அதை உள்ளே போட்டிருந்தால் கதை முடிந்தது. மெஸ்ஸி கொடுத்த பந்து, எதிரே நம் கோல்கீப்பர் அலிசன் மட்டும். உப்புச் சப்பில்லாமல் அவர் கைக்கே தள்ளினார். 4-0 ஆகியிருந்தால் நம்பிக்கையை விட்டுவிட்டு இந்த வாரம் நிம்மதியாகத் தூங்கலாம்.

2 மே, மாலை

கோல்களை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தது. முதலாவதில் ஆல்பா பாஸ் கொடுக்கும்போதே சுவாரெஸ் நம் தடுப்பாளர்கள் வான் டைக்குக்கும் மாட்டிப்புக்கும் நடுவில் நுழைந்துவிட்டார். இருவரும் பந்தைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்க்கவில்லை. இரண்டாவது, பாரில் பட்டுத் திரும்பி மெஸ்ஸி நெஞ்சுக்கே வந்தது. மூன்றாவது மெஸ்ஸியின் ஃப்ரீ கிக். அதற்கு யாரைத் திட்டுவது? பார்சாவுக்காக அது அவருடைய 600வது கோல். போட்டும் ஆயிற்று.

ஃபிர்மினோ முழு உடல்நிலையில் இல்லாததால் வைனால்டமை நடுவில் முன்னால் நிறுத்தினார் நம் பயிற்சியாளர் க்ளாப். ப்ரெஸ்ஸிங்கில், அதாவது பந்து வைத்திருப்பவரை முன்னேறிப் போய் நெருக்குவதில், குறையில்லை. புஸ்கெட்ஸ் திரும்பும் போதெல்லாம் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பாக்ஸுக்குள் க்ராஸ் வரும்போது அங்கே ஆள் இல்லை. வைனால்டம் பின்னாலிருந்து ஓடி வந்து சேர வேண்டிய ஆள். ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பவராக ஆடினால் பாதி ஆளாகிவிடுகிறார்.

84வது நிமிடத்தில் ஃபிர்மினோ அடித்ததைக் கோட்டிலேயே தடுத்தார்கள். திரும்பி வந்ததை சலா போஸ்ட்டில் அடித்தார். ஒரே மூச்சில் இரண்டு வாய்ப்பு. அதில் ஒன்று போயிருந்தால் ஒரு அவே கோல் கையில் இருந்திருக்கும்: இரண்டு லெக்கின் மொத்தம் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிகம் போட்டவர்களுக்கே வெற்றி.

3 மே

நம் மைதானம் ஆன்ஃபீல்டில் நடக்கப்போகும் இரண்டாவது லெக்குக்குக் கணக்கு இதுதான். 3-0 என்றால் எக்ஸ்ட்ரா டைம். 4-0 என்றால் மாட்ரிட்டில் இறுதி ஆட்டம். பார்சா ஒன்று போட்டுவிட்டால் 4-1 போதாது: மொத்தம் 4-4, அவே கோலில் அவர்கள் போய்விடுவார்கள். அப்போது ஐந்து வேண்டும். அவர்கள் இரண்டு போட்டால் ஆறு. எக்ஸ்ட்ரா டைமிலும் அவே கோல் உண்டு. 3-0க்குப் பிறகு அந்த முப்பது நிமிடத்தில் அவர்கள் ஒன்று போட்டால், மீதியிருக்கும் நேரத்தில் நமக்கு இரண்டு.

எல்லாரும் "நாலு கோல் எப்படிப் போடுவது" என்றே பேசுகிறார்கள். ஆன்ஃபீல்டில் நாலு கோல் இந்த அணிக்குப் புதிதில்லை. பயம் மறுமுனையில் இருக்கிற பூஜ்யம். முன்னேறி ப்ரெஸ் செய்கிற அணிக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெட்டவெளி. அங்கே மெஸ்ஸியை வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

டெம்பலே ஏன் அதை மேலே தூக்கி அடிக்கவில்லை?

5 மே

லீக் ஆட்டம், நியூகாசிலில் 3-2 வெற்றி. ட்ரென்ட்டின் கார்னரில் வான் டைக், ட்ரென்ட்டின் க்ராஸில் சலா, 86வது நிமிடத்தில் ஷகிரி அடித்த ஃப்ரீ கிக்கில் ஒரிகியின் தலை. லீக் பட்டியலில் மான்செஸ்டர் சிட்டியைவிட இரண்டு புள்ளி முன்னால், 94. சிட்டிக்கு நம்மைவிட ஓர் ஆட்டம் கூடுதலாகப் பாக்கி.

சலா ஸ்ட்ரெச்சரில் போனார். நியூகாசில் கோல்கீப்பர் துப்ராவ்காவின் இடுப்பு தலையில் இடித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. தலை அதிர்ச்சி என்று உறுதியானால் நல்ல மருத்துவக் கண்காணிப்பிலேயே ஆறு நாளாவது வெளியே இருக்க வேண்டும். சனிக்கிழமை அடி, செவ்வாய்க்கிழமை ஆட்டம். கணக்கு போடவே வேண்டாம்.

5 மே, இரவு

பார்சா தன் லீகை ஏற்கெனவே வென்றுவிட்டதால் விகோவில் கிட்டத்தட்ட மொத்த அணிக்கும் ஓய்வு. செல்ட்டாவிடம் 2-0 தோல்வி, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஓய்வு கொடுக்கப்படாத டெம்பலே ஆட்டம் தொடங்கியதுமே தொடைத் தசை பிடித்து வெளியே போனார். ஆக, அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர் ஆன்ஃபீல்டுக்கு வரமாட்டார். ஓடுகிறவர்களை மட்டும் பார்த்தால், திறந்த மைதானத்தில் அவர்தான் நமக்குப் பெரிய ஆபத்து. கூட்டினியோவுக்கு அந்த வேகம் கிடையாது.

பழைய ஆட்டங்களைப் புரட்டினால் எல்லாமே கொஞ்சம் பொருந்துகிறது, எதுவுமே முழுதாகப் பொருந்தவில்லை. 3-0இலிருந்து நாம் மீண்ட 2005 இஸ்தான்புல் இறுதி ஒரே ஆட்டம். 2016 டோர்ட்மண்டுக்கு எதிரான 4-3இல் முதல் லெக் 1-1. 1986இல் இதே பார்சா அரையிறுதியில் கோத்தன்பர்க்கிடம் 3-0 தோற்று, வீட்டில் 3-0 போட்டு, பெனால்ட்டியில் வென்று இறுதிக்குப் போயிருக்கிறது.

பொருந்துவது பார்சாவை வெளியேற்றிய ரோமா. 10 ஏப்ரல் 2018. முதல் லெக்கில் 4-1 தோற்று இரண்டாவதில் 3-0. டி ரோசியும் மனோலாஸும் கேம்ப் நூவில் சொந்த வலையில் போட்டவர்கள், ரோமில் இருவருமே பார்சா வலையில் போட்டார்கள். 82வது நிமிடம், கார்னர், அருகிலுள்ள போஸ்ட்டுக்கு மனோலாஸ் ஓட்டம், தலையால் ஒரு தொடுதல். யாருமே அவருடன் ஓடவில்லை. அந்த அணியில் பிக்கே, ஆல்பா, புஸ்கெட்ஸ், சுவாரெஸ், செர்ஜி ரொபேர்ட்டோ இருந்தார்கள். இந்த அணியிலும் இருக்கிறார்கள். பயிற்சியாளர் வல்வெர்டேவும்தான்.

ரோமாவுக்கு ஒரு அவே கோல் இருந்தது. நமக்கு இல்லை.

6 மே

சலா இல்லை. ஃபிர்மினோ இல்லை. கெய்ட்டா இல்லை. முடிந்தால் சரி, முடியாவிட்டால் அழகாகத் தோற்போம் என்கிற மாதிரி பேசினார் க்ளாப்.

முன்வரிசையில் மானே, ஒரிகி, ஷகிரி என்றால் ப்ரெஸ்ஸிங் யார் தொடங்குவது? ஷகிரி பந்தோடு கெட்டிக்காரர், பந்து இல்லாதபோது பாதி தூரம் ஓடி நிற்பவர். ஆகவே ட்ரென்ட் பக்கம் ஹெண்டர்சன் வெளியே வந்து மூட வேண்டும். அவர் வெளியே வந்தால் ஃபபினியோவுக்கும் அவருக்கும் நடுவில் சந்து விழும். மெஸ்ஸி உலாவுகிற இடமே அதுதான். கோமெஸுக்குப் பதிலாக ட்ரென்ட் வேண்டும். தற்காப்பில் கொஞ்சம் ஓட்டை விழுந்தாலும், டெட் பாலும் (கார்னர், ஃப்ரீ கிக்) க்ராஸும் இல்லாமல் நாலு கோல் எங்கிருந்து வரும்?

7 மே, விடியுமுன்

சிட்டியின் கொம்பனி போட்ட கோல். அந்தத் தூரத்திலிருந்து! சிட்டி 95, நாம் 94. ஒரே ஒரு லீக் தோல்வியோடு ஒரு சீசன், அதுவும் போதாது போலிருக்கிறது.

7 மே, இரவு

அணி வந்துவிட்டது. அலிசன், ட்ரென்ட், மாட்டிப், வான் டைக், ராபர்ட்சன், ஹெண்டர்சன், ஃபபினியோ, மில்னர், ஷகிரி, ஒரிகி, மானே. அவர்கள் அதே நடுவரிசை: ராகிடிச், புஸ்கெட்ஸ், விடால். நடுவர் சக்கீர்.

சலா கறுப்புப் பனியனில் உட்கார்ந்திருக்கிறார். விட்டுவிடாதே என்று எழுதியிருக்கிறது. பனியன் கோல் போடாது, இருந்தாலும் சரி.

8 மே, இடைவேளை

1-0. ஏழாவது நிமிடம். ஆல்பா தலையால் பின்னுக்குத் தட்டியது குட்டையாக விழுந்தது, மானே பிடித்தார், ஹெண்டர்சன் அடித்ததை அவர்களுடைய கோல்கீப்பர் டெர் ஸ்டெகன் தடுத்தார், ஒரிகி தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அலிசன் மூன்று முறை காப்பாற்றியிருக்கிறார்: மெஸ்ஸி, கூட்டினியோ, இடைவேளைக்குச் சற்று முன் ஆல்பா. பூஜ்யம் இன்னும் பூஜ்யம்.

ஃபபினியோவுக்குத் தொடக்கத்திலேயே மஞ்சள் அட்டை. காலிறுதியோடு பழைய மஞ்சள்களை அழித்துவிடுவார்கள், அதனால் இறுதிக்குப் பாதகமில்லை. ஆனால் இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் மெஸ்ஸியின் காலருகே போய் நிற்க வேண்டியவர் அவர்தான்.

சுவாரெஸ் உதைத்ததில் ராபர்ட்சனால் நடக்க முடியவில்லை. மில்னர் லெஃப்ட் பேக், வைனால்டம் உள்ளே. மில்னர் 2016-17 முழுக்க அங்கே ஆடியவர்; வலது கால்காரர் என்பதால் க்ராஸுக்கு முன் ஒரு தொடுதல் கூடும், அவ்வளவுதான். வைனால்டம் இன்று பின்னாலிருந்து ஓடி வருவார்.

8 மே, விடியற்காலை

4-0. 4-0. 4-0.

8 மே, மாலை

54, 56வது நிமிடங்களில் இரண்டு கோல். முதலாவதில் ட்ரென்ட் ஆல்பாவிடம் பந்தை இழந்து, அடுத்த நொடியே பறித்து, தாழ்வாக அனுப்பினார். வைனால்டம் ஓடி வந்து அடித்தார். இரண்டாவது ஷகிரியின் க்ராஸ், வைனால்டமின் தலை. மொத்தம் 3-3. வல்வெர்டே கூட்டினியோவை எடுத்து செமெடோவை ரைட் பேக்கில் விட்டு, செர்ஜி ரொபேர்ட்டோவை நடுவுக்கு அனுப்பினார். பந்து வேண்டும் என்கிற அணியின் மாற்றமில்லை அது. அவர்களுக்கு ஒரே ஒரு கோல் போதும், அதைத் தேடிப் போகவே இல்லை.

79வது நிமிடம். இதை எழுதத்தான் உட்கார்ந்தது. ட்ரென்ட் அடித்த பந்து செர்ஜி ரொபேர்ட்டோ காலில் பட்டு வெளியே போனது. பால் பாய் உடனே வேறு பந்தைத் தந்தான். பந்தைச் சீக்கிரம் தரச் சொல்லி அந்தப் பையன்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்களாம். ஷகிரி கார்னரை நோக்கி நடந்து வருகிறார், ட்ரென்ட் இரண்டடி விலகினார், பிறகு திரும்பிப் பார்த்தார். பாக்ஸில் ஒரிகி ஒருவர்தான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சா ஆட்களில் பாதிப் பேர் முதுகைக் காட்டி நின்றார்கள்.

விதி எளிது. கார்னருக்கு நடுவர் விசில் ஊதத் தேவையில்லை. பந்து வளைவுக்குள் அசையாமல் இருந்து, உதைக்கப்பட்டுத் தெளிவாக நகர்ந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. தடுக்கிற அணிக்கு வேலை இரண்டு: ஒருவர் ஓடிப்போய் பத்து கஜத்தில் நின்று பந்தை மறைக்க வேண்டும், மற்றவர்கள் ஆளைப் பிடித்த பிறகே பேச வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிக்கே திரும்பியபோது பந்து அவரைத் தாண்டிவிட்டது. ஒரிகியும் சுலபமாக அடிக்கவில்லை. தரையில் குதித்து வந்த பந்து, வலது கால், ஒரே தொடுதல், மேல்வலை. மனோலாஸ் விழித்திருந்த அணிக்கு எதிராகக் கார்னரில் போட்டார். இது தூங்கின அணிக்கு எதிராக.

அதன் பிறகு ஒரிகிக்குப் பதில் கோமெஸ், ஷகிரிக்குப் பதில் ஸ்டரிட்ஜ். கடைசி பத்து நிமிடத்தில் அவர்கள் உருப்படியாக ஒரு வாய்ப்புகூட உண்டாக்கவில்லை. பூஜ்யம்.

9 மே, ஆம்ஸ்டர்டாம் இடைவேளை

மற்ற அரையிறுதியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக அயாக்ஸ் 2-0, மொத்தம் 3-0. இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிரே அயாக்ஸ்தான். முதல் கோல் ஐந்தாவது நிமிடம், கார்னர், டி லிக்ட் தலை. ஆகவே மாட்ரிட்டில் முதல் வேலை டி லிக்ட்டின் ஓட்டத்தை மாட்டிப் பிடிப்பதா, வான் டைக் பிடிப்பதா என்று முடிவுசெய்வது. வான் டைக்கை ஆறு கஜப் பெட்டியில் சும்மா விட்டுவைத்து, மாட்டிப்பை ஒட்டவிடுவதே நல்லது. ஸியெக் வலப்பக்கமிருந்து இடது காலால் உள்ளே வளைப்பதை ராபர்ட்சன் வெளிப்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். கெண்டைக்கால் ஜூன் 1க்குள் சரியாகிவிட்டால். டி யாங்கை ஃபிர்மினோ—