மூன்றாவது வண்டு வீடும் போச்சு, துணிக்கொம்பில் ஆள் குடிவந்தாச்சு

போன சனிக்கிழமை காலையில் அம்மா போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். கொம்பில் காயப்போட்டிருந்த பள்ளிச் சட்டையில் மஞ்சளாக நாலைந்து கோடுகள். அக்கா மகளின் சீருடை, வெள்ளைத் துணி. குருவி எச்சம் என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார், போகவில்லை. நிமிர்ந்து பார்த்தால், துணி காயப்போடும் மூங்கில் கொம்பின் அடிப்பக்கத்தில் காம்பஸ் வைத்து வரைந்தது போல ஒரு வட்ட ஓட்டை. கீழே சிமெண்டுத் தரையில் ரவை சிந்தியது மாதிரி மூங்கில் தூள். காதை வைத்தால் உள்ளே கர்ர், கர்ர் என்று சுரண்டும் சத்தம்.

பத்து மாதமாகப் பெட்டி கட்டி, கட்டையில் துளை போட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் வராத கருவண்டு, அம்மாவின் துணிக்கொம்பில் குடியேறிவிட்டது. சந்தோஷப்படுவதா, என் பெட்டிகளைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை.

இந்த வேலை தொடங்கியதே பம்பிள்பீ என்ற குளிர்நாட்டு வண்டால்தான். அக்கா மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு படப்புத்தகத்தில் மஞ்சளும் கறுப்புமாக, பஞ்சுப்பொதி போல இருக்கும் பம்பிள்பீயைப் பார்த்திருக்கிறாள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்புறக் கத்தரிச் செடியில் முதுகு மஞ்சளான ஒரு பெரிய வண்டு வந்து உட்கார்ந்ததும், "மாமா, பம்பிள்பீ!" என்று ஓடி வந்தாள்.

நான் அவளை மெதுவாகக் கிட்டே அழைத்துப் போய் வயிற்றைப் பார்க்கச் சொன்னேன். பம்பிள்பீக்கு முதுகிலிருந்து வால் வரை கம்பளி போர்த்தியது போல மயிர். நம்முடையதற்கு முதுகில் மட்டும் ஒரு மஞ்சள் சால்வை, அதற்குக் கீழே விளக்கித் துடைத்த இரும்புச் சட்டி போல வழவழவென்று கறுப்பு. இது மரத்தைத் துளைத்து வீடு கட்டும் தச்சன் வண்டு. சால்வை போட்டது பொம்பளை. அதே இனத்து ஆண் உடம்பு முழுக்க மஞ்சள். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, வெறும் மிரட்டல்தான். பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது.

"அப்ப பம்பிள்பீ ஏன் இங்க இல்ல?"

உலகத்தில் அதில் சுமார் 250 இனம் இருந்தாலும் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள். காலையில் பறக்கக் கிளம்பும் முன் சிறகை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் நடுங்க வைத்து, உடம்பை 30 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக்கொள்ளும். பினாங்கில் அந்தச் சூடு சும்மாவே கிடைக்கிறது. அந்தக் கம்பளியோடு இங்கே வந்தால், மத்தியானம் கொம்தாரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற கதைதான். இது அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

புரியாதது, அங்கேயும் ஏன் குறைந்துபோனது என்பது. ராணி தனியாக மண்ணுக்குள் பனிக்காலம் முழுக்கத் தூங்கும், எழுந்ததும் பழைய எலி வளையிலோ புல் புதரிலோ கூடு வைக்கும், அப்போது பசிக்குப் பூ வேண்டும் என்று சொன்னேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்குப் பிறகு காட்டுப்பூ பூத்த புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துபோய்விட்டது. 97 என்றால் அவளுக்கு என்ன தெரியும்? நூறு பட்டாணியை மேசையில் கொட்டி மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாரி எடுத்தேன். ஒன்றும் பேசாமல் அந்த மூன்றையும் எண்ணிப் பார்த்தாள்.

அப்புறம் கப்பல் கதை. நியூசிலாந்தில் தீவனத்துக்கு விதைத்த சிவப்பு குளோவர் மகரந்தம் சேர்க்க ஆள் இல்லாமல் சரியாக விதை பிடிக்கவில்லை என்று, 1885இல் இங்கிலாந்திலிருந்து தூங்கும் ராணிகளைக் குளிர்பதனக் கப்பலில் கொண்டுபோனார்கள். அப்படிப் போனதில் குட்டை மயிர் பம்பிள்பீ என்ற ஒன்று அங்கே பெருகியது, பிறந்த ஊரில் 1988க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2000இல் இங்கிலாந்தில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2012இல் சுவீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்னால் அந்த வட்டார விவசாயிகளைப் பிடித்து வயலோரத்தில் பூப்புல் வளர்க்க வைத்தார்கள். "நம்ம கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பல்ல வந்த மாதிரியா?" என்று கேட்டாள். அவர் தூங்கிக்கொண்டு வரவில்லை, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார் என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

சரி, நம் வண்டுக்காவது வீடு கட்டிக் கொடுப்போம் என்று இறங்கியதுதான் தப்பு.

முதல் வீடு பேலட் பலகை. அக்டோபர் மழையில் ஒரே மாதத்தில் பூசணம் பிடித்துத் துளையெல்லாம் வெள்ளைப் பஞ்சு. இரண்டாவது, லெமாங் சோறு சமைக்கும் மூங்கிலைச் சாண் சாணாக அறுத்துப் பிஸ்கட் டின்னில் அடுக்கியது. சிவப்பெறும்பு முட்டையோடு குடியேறியது. மூன்றாவது, புயலில் விழுந்த அங்சானா மரத்தின் கிளைக்கட்டை. நாலு காலுக்கும் எண்ணெய்க் கிண்ணம் வைத்து எறும்பை ஜெயித்தேன். ஆனால் வந்தது மண் குளவி. 8 மில்லி துளை ஒன்றில் மட்டும் சிறிய தேனீ ஒன்று பிசின் வைத்து வாயை அடைத்திருக்கிறது, அதை வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். மண் கூட்டைச் சுரண்டிவிடலாம் என்று போனால் அம்மா விடவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்குமாம். எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணமே ஆகவில்லை.

இனி அந்த ஓட்டைக்கு வருகிறேன். ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வெர்னியர் வைத்து அளந்தேன், சரியாக 12 மில்லி. மூங்கிலின் தோல் 6 மில்லி கனம். விளிம்பில் ஒரு சிலும்பு இல்லை. நான் 12 மில்லி பிட் போட்டால் மூங்கில் முதலில் வழுக்கும், பிறகு பட்டென்று நீளவாக்கில் பிளக்கும். ஆணியால் குறி குத்தியும், டேப் சுற்றியும், 3, 6, 9 என்று படிப்படியாகப் பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். பத்துக்கு நாலு பிளந்தது, மிச்சத்தில் உட்பக்கம் நார் நாராகக் கிழிந்து நின்றது. அந்தச் சிலும்பு சிறகைக் கிழித்துவிடும் என்று உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி ஒவ்வொன்றாகத் தேய்த்தவன் நான். இந்த வண்டுக்காரி என்னடாவென்றால் வெறும் தாடையால் ஒரு ராத்திரி, ஒரு பகலில் முடித்துவிட்டாள். முழுக் கறுப்பு, சிறகில் மட்டும் வெயில் பட்டால் நீலம் அடிக்கிறது. சால்வைக்காரி இல்லை, இது வேறு இனம்.

நான் இத்தனை நாள் தப்பாகப் பார்த்த இடம் இதுதான்: என் குழாய்கள் எல்லாம் வாய் திறந்தவை. கணுவுக்குக் கணு மூடிய அறையைத்தான் அவள் தேடியிருக்கிறாள். ஒரு முழ நீளத்துக்கு ரெண்டு பக்கமும் அடைத்த அறை, கதவு எங்கே என்பது அவள் முடிவு. கதவை வைத்ததும் அடிப்பக்கத்தில், மழை ஏறவே முடியாத இடத்தில். நான் நேராக முன்பக்கம் பார்த்து அடுக்கினேன், இங்கே சாய்வாக அடிக்கிற மழைக்கு அது வாயைத் திறந்து வைத்த மாதிரி. பூசணம் வராமல் என்ன செய்யும்? உள்ளே மகரந்த உருண்டை ஒன்று, அதன்மேல் ஒரு முட்டை, பிறகு மரத்தூளைக் குழைத்து ஒரு தடுப்பு, அடுத்த அறை, இப்படிப் போகும். பூச்சிகளிலேயே மிகப் பெரிய முட்டைகளில் தச்சன் வண்டு முட்டையும் சேர்த்தி, அதனால் நாலைந்து பிள்ளைதான் தேறும். பிளந்து பார்க்க ஆசை, ஆனால் ஒரு கூடு போனால் நாலைந்தும் போச்சு.

இப்போது செய்துகொண்டிருப்பது: அறுக்காத, இருபக்கமும் கணு உள்ள மூன்று மூங்கில் துண்டு. அடிப்பக்கத்தில் 12 மில்லி அகலம், 2 மில்லி ஆழத்துக்கு ஒரு குழி மட்டும். முழுசாகத் துளைக்கக் கூடாது, இடம் காட்டினால் போதும் என்பது என் யூகம். அடி தட்டையாக வெட்டும் பிட் வாங்கினேன், உருண்டையான மூங்கிலில் அது நிற்கவே மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு பலகைத் துண்டில் 12 மில்லி துளை போட்டு, அதை மூங்கில் மேல் கிளாம்ப் வைத்து இறுக்கி, அந்தத் துளை வழியாக பிட்டை இறக்கினேன். வழுக்கவில்லை, பிளக்கவில்லை. இதை யாராவது பத்து மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். பிட் 28 வெள்ளி, மூங்கில் இலவசம். பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கொடுத்தார். காய்ந்த மூங்கிலாகக் கேட்டு வாங்குங்கள், பச்சையைத் தொங்கவிட்டால் ஆறு மாதம் வீண்.

நடுவில் கொசுப் புகை வேறு. எங்கள் குடியிருப்புத் தாமானில் ரெண்டு பேருக்கு டெங்கி, சாயங்காலம் புகை அடிக்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, காய்ச்சல் விளையாட்டு இல்லை. ஆனால் அந்தப் புகைக்குக் கொசு எது வண்டு எது என்று தெரியாது. இருட்டும் நேரத்தில் அவள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, ஓட்டையில் வலைத்துணி கட்டி, கொம்பையே கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். எட்டடிக் கொம்பைப் புரட்டக் கூடாது, ஆட்டக் கூடாது என்று நானும் அக்கா மகளும் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்குவது போலத் தூக்கினோம். விடிகாலையில் திரும்ப மாட்டினோம். எட்டரை மணிக்கு வண்டுக்காரி வெளியே வந்தாள்.

அங்கே புல்வெளி உழுதார்கள் என்றால், இங்கே புல் வெட்டும் மெஷின். தாமான் ஓரத்து மேட்டில் செண்டுடுக் என்ற ஊதாப்பூச் செடி புதராகப் பூத்துக் கிடந்தது, போன மாதம் மொட்டையடித்துவிட்டார்கள். அதன் பூவில் ரெண்டு வகைக் கேசரம். மஞ்சள் நிறத்தது வண்டைக் கூப்பிட, ஊதா நிறத்து நீளமானது வண்டின் உடம்பில் மகரந்தம் பூச. மிளகுத்தூள் டப்பா மாதிரி நுனியில் சின்னத் துளை, குலுக்கினால்தான் கொட்டும். தேனீக்கு அந்தக் குலுக்கல் வராது. பம்பிள்பீயும் தச்சன் வண்டும் பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரம் போட்டே கொட்ட வைக்கும். கத்தரியும் தக்காளியும் அப்படித்தான். பேட்டரி டூத்பிரஷ் ஒன்றைக் கத்தரிப்பூவின் பின்னால் வைத்து, அக்கா மகளைக் கீழே கறுப்புத் தாள் பிடிக்கச் சொன்னேன். மஞ்சள் தூள் உதிர்ந்ததும் அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அங்கிள் எட்டிப் பார்த்தார். இப்போது அவருடைய தக்காளிக்கும் இவள்தான் பிரஷ் பிடிக்கிறாள், தினம் ஒரு ஐஸ்கிரீம் கூலி.

வெட்டின மேட்டிலிருந்து செண்டுடுக் வேர்க்கட்டை நாலு தோண்டி வந்து தொட்டியில் வைத்திருக்கிறேன், ரெண்டு துளிர்த்துவிட்டது. பழுத்தால் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்து மஞ்சள் மார்கிசா (பேஷன் ஃப்ரூட்) கொடி. அதற்கு வேறு கொடியின் மகரந்தம் வேண்டும், அதைச் சுமந்து வர இந்த மாதிரி பெரிய வண்டு வேண்டும், ஆகவே ரெண்டு கொடியாக வாங்கவேண்டும். பந்தல் எங்கே போடுவது என்று அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

மூன்று துண்டையும் தொங்கவிட்டாச்சு. ஒன்றின் குழியை அவளோ அவள் உறவோ வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது, சுரண்டவில்லை. பழைய கொம்பை எடுக்கக் கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டார், குளவிக்குக் கொடுத்த மரியாதை வண்டுக்கும் உண்டாம். புதுக் கொம்பு வாங்கிக் கட்டினேன். நேற்று அதில் முதல் சட்டையை மாட்டும் முன், கணுக்கணுவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயும் வந்துச்சுன்னா இனிமே துணி துவைக்கிறது நீதான்" என்றார்.