ஒத்தக்கடைப் பக்கம் நாலு நாள்

ஜூலை 12, 2024, வெள்ளி

கோவை பஸ்ஸில் வந்து ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஒத்தக்கடை வந்து சேர்வதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. மாட்டுத்தாவணி தாண்டியதும் யானைமலையைத்தான் கண் தேடியது. இங்கே டீச்சராக இருந்து 2011-ல் மாறுதலில் போனவள், 13 வருஷம் கழித்து வருகிறேன். தம்பி வீட்டில் தங்கல்.

ஜூலை 13, சனி

எங்கள் தலைமை ஆசிரியையாக இருந்த பெரிய டீச்சர் வீடு நரசிங்கத்தில். "வாத்தா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று கையைப் பிடித்தவர் விடவே இல்லை. முட்டிவலியில் நடை குறைந்துவிட்டது. மைக் இல்லாமலே பிரேயரில் கடைசி வரிசை வரை கேட்ட குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த டிராயரில்தான் வந்து நின்றது. திங்கட்கிழமை பிரேயர் என்றாலே எங்களுக்குப் பயம். வரிசையில் ஏதாவது ஒரு பிள்ளை கண் சொருகி விழும். நிழலில் உட்கார வைத்து "காலைல என்ன சாப்ட?" என்றால், "ராத்திரி சாப்ட்டேன் டீச்சர்" என்று பதில் வரும். சத்துணவு 1982-லிருந்து இருக்கிறது, சரி. மத்தியானம் வரைக்கும் அந்த வயிறு தாங்க வேண்டுமே.

பெரிய டீச்சர் மேஜையின் இரண்டாவது டிராயரில், பழைய ரிஜிஸ்டர்களுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். வர்க்கி, பொரிகடலை, ஒரு வெல்லக்கட்டி. சம்பளம் வந்ததும் நாங்கள் நாலு பேரும் அதற்குக் காசு போடுவோம். "சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளையை உள்ளே அனுப்புவார். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கிளம்பும்போது, "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறியா? காலைச் சாப்பாட்டு சாம்பார்ல காய் கெடக்கான்னு பாத்துட்டுப் போன் பண்ணு" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

நான் படித்த பள்ளி பூட்டியிருந்தது. கேட் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயந்திரம் மூணாம் வகுப்பு சார் தேடி வந்தார். 2007-ல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாங்களே படிக்கும் முறை) வந்த புதிதில் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து அட்டைகளை அடுக்கியதைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு அட்டை தொலைந்தால் ஏணிப்படியில் ஒரு படியே போச்சு என்று அவர் தவித்த தவிப்பு!

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கு எட்டு மணிக்கே போய்விட்டேன். வராண்டாவில் பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ரவா உப்புமா, சாம்பார். மதுரையில் சிம்மக்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், போன வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இன்றைக்கு ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போகிறது.

பரிமாறிக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தாள். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்னிடம் படித்தவள்! மகளிர் குழுவில் இருக்கிறாள், மகன் இங்கேயே ஒன்றாம் வகுப்பு. பரிமாறி முடித்ததும் வகுப்புக்குள் கூட்டிப்போய்ச் சுவரோரத் தாழ்வான கரும்பலகையைக் காட்டினாள். அப்போது ஆளுக்கு ஒரு கட்டம் கோடு போட்டுக் கொடுத்திருந்தோம். பெயிண்ட் உரிந்து, கோடுகள் பாதி மங்கிவிட்டன. ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்து, "இது என் கட்டம்" என்று உள்ளங்கையால் துடைத்தாள்.

வெளியே வந்து பெரிய டீச்சருக்குப் போன் போட்டேன்.

"காய் கெடக்கா?"

"கேரட், கத்தரிக்காய், பூசணி கெடக்கு டீச்சர்."

"பிரேயர் முடிஞ்சுச்சா?"

"இப்பத்தான் முடிஞ்சுச்சு."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் கேட்டார்: "யாரும் விழலையே?"

"யாரும் விழல டீச்சர்."