ஒரு @ போடாததால் வந்த வினை

நேற்று இரவு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து என் குறும்படத் திரைக்கதையை பிடிஎஃப் ஆக்கினேன். பார்த்தால், வசனம் எல்லாம் இடது ஓரத்தில் காட்சி விவரிப்போடு ஒட்டிக்கிடக்கிறது. தே தாரேக் தேநீர் ஆறியதுதான் மிச்சம்.

காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. நான் எழுதுவது ஃபவுன்டன் (Fountain) முறையில், அதாவது திரைக்கதையை வெறும் உரையாகவே தட்டச்சு செய்யும் முறையில். அதில் ஒரு வரி முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அது பாத்திரத்தின் பெயர். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? பெயருக்கு முன்னால் @ போட்டால் சரியாகிவிடும். அச்சில் அந்தக் குறி வராது.

@பாட்டி
(கதவைத் திறக்காமல்)
சாப்பிட்டியாய்யா?

பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி வேண்டும். பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் கூடவே கூடாது. நான் அழகுக்காக விட்டிருந்தேன், புத்திசாலி!

கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பார்கள். கூரியரில் தமிழ் எழுத்தே கிடையாது, வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தக் கணக்கை நம்பாமல் என் 14 பக்கத்தையும் அங்கேயே வாய்விட்டு வாசித்தேன். 19 நிமிடம். பக்கத்து மேசை அண்ணன், "யாரோட சண்டை, தம்பி?" என்றார்.