ரெஸ்டிலிருந்து கிராஃப்க்யூஎல்லுக்கு: ஓடிக்கொண்டிருந்த கடை இணைப்பை மாற்றிய அனுபவம்

ஷாப்பிஃபை (இணையக் கடை நடத்த உதவும் தளம்) கடை ஒன்றுக்கும் அதன் கிடங்கு மென்பொருளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த இணைப்பை, ரெஸ்ட் ஏபிஐயிலிருந்து கிராஃப்க்யூஎல்லுக்கு மாற்றி முடித்திருக்கிறேன். ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாசல்; ரெஸ்ட், கிராஃப்க்யூஎல் இரண்டும் அப்படிப் பேசும் இரண்டு முறைகள். இதே வேலையை இனிமேல் தொடங்கப்போகும் டெவலப்பர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆவணங்களில் உள்ளதையே திரும்பச் சொல்லாமல், வேலை எங்கே கனத்தது, எங்கே எதிர்பார்த்ததைவிட லேசாகப் போனது என்று எழுதுகிறேன்.

இந்த இணைப்பு செய்வது இரண்டே காரியம். கடையில் விழும் ஆர்டரைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிடங்கில் இருக்கும் ஸ்டாக் எண்ணிக்கையைக் கடைக்குத் திருப்பி அனுப்பும். ஷாப்பிஃபை 2024 அக்டோபர் 1 முதல் ரெஸ்ட் அட்மின் ஏபிஐயைப் பழையது என்று ஒதுக்கிவிட்டது. 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு சமர்ப்பிக்கப்படும் புதிய பொது ஆப்கள் கிராஃப்க்யூஎல்லில் மட்டுமே இருக்க வேண்டும். எங்களுடையது ஒரே கடைக்காக எழுதிய தனி ஆப் என்பதால் அந்தத் தேதி எங்களைக் கட்டுப்படுத்தவில்லை. எங்களை நகர்த்தியது வேறொன்று. துணி விற்கும் கடை அது. அளவு, நிறம், நீளம் என்று பெருக்கிக்கொண்டே போனால் ஒரே பொருளுக்கு 100 வகைகளைத் தாண்டிவிடுகிறது. பழைய ஏபிஐ அந்த 100-ஐத் தாண்டாது. தாண்ட வேண்டுமென்றால் கிராஃப்க்யூஎல்தான் வழி. சரி, எப்படியும் செய்யத்தானே வேண்டும், அவசரம் வருவதற்கு முன்பே செய்வோம் என்று இறங்கினோம்.

பழைய அழைப்புகளை (ஏபிஐக்கு அனுப்பும் கோரிக்கைகளை) ஒரு பக்கமும் அவற்றுக்கு நிகரான புதியவற்றை எதிர்ப் பக்கமும் எழுதி அட்டவணை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். நான் அப்படித் தொடங்கவில்லை. ரெஸ்டில் ஒரு ஆர்டரைக் கேட்டால் அதன் முழு ஜாதகமும் வரும்: வரி விவரம், தள்ளுபடி விவரம், எந்த பிரவுசரில் வாங்கினார் என்பது வரை. கிடங்குக்கு அதில் எது தேவை? நிரலைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பல வருடம் வளர்ந்த நிரலில் யாரும் பயன்படுத்தாத பகுதிகளும் உண்டு. அதனால் கிடங்கு மென்பொருளின் பக்கமிருந்து தொடங்கினேன். பேக்கிங் சீட்டில் என்ன அச்சாகிறது, கூரியர் லேபிளுக்கு என்ன போகிறது, கணக்குப் பிரிவு என்ன எடுக்கிறது என்று பார்த்துப் பின்னோக்கி வந்தபோது, தேவைப்பட்டது இருபது முப்பது புலங்கள்தான். புதிய க்வெரி, அதாவது என்னென்ன வேண்டும் என்று ஏபிஐயைக் கேட்கும் கோரிக்கை, அந்தப் பட்டியலிலிருந்துதான் பிறந்தது. இந்த முழு வேலையிலும் சரியாக எடுத்த முடிவு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

காரணம், கிராஃப்க்யூஎல்லில் நீங்கள் கேட்கும் அளவுக்கு விலை உண்டு. ரெஸ்டில் கணக்கு எளிது: சாதாரணத் திட்டத்தில் 40 அழைப்புகள் கொள்ளும் ஒரு வாளி, அது நொடிக்கு 2 வீதம் வடிந்து அடுத்த அழைப்புகளுக்கு இடம் தரும். புதியதில் அழைப்பை எண்ணுவதில்லை, புள்ளிகளை எண்ணுகிறார்கள். சாதாரணத் திட்டத்தில், செலவான புள்ளிகள் நொடிக்கு 100 வீதம் திரும்பச் சேரும். ஒரே க்வெரி 1000 புள்ளிகளைத் தாண்டக்கூடாது. ஆர்டர்களைக் கேட்டு, அதற்குள் ஒவ்வொரு ஆர்டரின் பொருள் வரிகளையும் (வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி) கேட்டு, அதற்குள் இன்னொரு பட்டியலையும் கேட்டால் புள்ளிகள் மளமளவென்று ஏறிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, விலை முதலில் மதிப்பீடாகத்தான் கழிக்கப்படுகிறது. பதில் வந்த பிறகு உண்மையான செலவு குறைவாக இருந்தால் மீதி திரும்பி வரும். பதிலின் கடைசிப் பகுதியில் மதிப்பீடு, உண்மைச் செலவு, இன்னும் செலவிட மிச்சமிருக்கும் புள்ளிகள் மூன்றும் இருக்கும். அவற்றை முதல் நாளிலிருந்தே லாகில் (நிரல் தன் நடப்பைக் குறித்துவைக்கும் பதிவில்) எழுத வைத்தேன். ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆர்டர் கேட்கலாம் என்பதை ஊகத்தில் வைக்காமல், அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது.

அடுத்து, பொருள் வரிகள். இந்த ஒரு இடத்தில் அவசரப்படவே கூடாது. பழைய ஏபிஐயில் ஆர்டரைக் கேட்டால் அதற்குள் இருக்கும் எல்லாப் பொருள்களும் கூடவே வந்துவிடும். புதியதில் பொருள் வரிகளும் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தரப்படும் ஒரு பட்டியல்தான். முதல் 50 வேண்டும் என்று கேட்டால் 50 வரும். அந்த ஆர்டரில் 63 இருந்தாலும் எந்தப் பிழையும் வராது. அடுத்த பக்கம் உண்டு என்ற ஒரு குறி மட்டும் ஆம் என்று இருக்கும். அந்தக் குறியைப் பார்க்காத நிரல், 13 பொருள்களை விட்டுவிட்டு நிம்மதியாகப் பேக்கிங் சீட்டு அச்சிடும். வாடிக்கையாளர் பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும். மொத்தமாக வாங்குபவர்கள் உள்ள கடையில் இப்படிப்பட்ட ஆர்டர்கள் அபூர்வமல்ல. அதனால் டெவலப்மென்ட் கடையில் (சோதனைக்கான கடையில்) வேண்டுமென்றே மிக நீளமான ஆர்டர் ஒன்றைப் போட்டு, அதையே நிரந்தரச் சோதனையாக வைத்துக்கொண்டேன். கூடவே ஒரு காவலும்: கிடங்குக்கு அனுப்பும் முன், வரிகளில் உள்ள எண்ணிக்கையைக் கூட்டி, ஆர்டரிலேயே இருக்கும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆர்டர் நின்றுவிடும், எங்களுக்குத் தகவல் வரும்.

பிழைகளைப் படிக்கும் விதமும் அடியோடு மாறுகிறது. ரெஸ்டில் வேலை செய்து பழகியவர்களுக்கு, பதிலோடு வரும் நிலை எண் 200 என்றால் வெற்றி, 422 வந்தால் தரவில் கோளாறு, 429 வந்தால் அளவு மீறிவிட்டோம் என்று கை தானாகவே எழுதும். கிராஃப்க்யூஎல்லில் 200 என்பது கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. சொன்ன வேலை நடந்ததா என்பதை உள்ளே பிரித்துத்தான் பார்க்க வேண்டும். புள்ளிகள் தீர்ந்துபோனாலும் 200-தான் வரும். பதிலின் மேல்மட்டப் பிழைப் பட்டியலில் ‘த்ராட்டில்டு’ என்று இருக்கும். மியூட்டேஷன் (கடையில் எதையாவது மாற்றச் சொல்லும் அழைப்பு) ஒன்று கடையின் விதிப்படி ஏற்கப்படாவிட்டாலும் 200-தான். ஆனால் அந்தப் பிழை மேல்மட்டத்தில் இருக்காது. மியூட்டேஷனின் பதிலுக்குள் ‘யூசர் எரர்ஸ்’ என்ற தனிப் பட்டியலில் இருக்கும். இன்னொன்று, அந்தப் பட்டியலைக் க்வெரியில் நீங்களே கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் வராது.

ஆக, மூன்று மாடி. நெட்வொர்க் மட்டத்துப் பிழை, க்வெரி மட்டத்துப் பிழை, வியாபார மட்டத்துப் பிழை. இவை மூன்றையும் பார்க்கும் ஒரே செயல்கூற்றை எழுதி, அதன் வழியாகத்தான் எல்லா அழைப்பும் போக வேண்டும் என்று வைத்துவிட்டோம். ‘யூசர் எரர்ஸ்’ கேட்காத மியூட்டேஷனை யாராவது எழுதினால் டெஸ்ட்டே விழுந்துவிடும். கொஞ்சம் கடுமையான விதிதான், ஆனால் சத்தமில்லாமல் தோற்கும் இணைப்பைவிடக் கடையைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

ஐடிகள் பற்றி நிறையப் பயந்திருந்தேன். அது லேசாகப் போனது. பழையதில் ஐடி வெறும் எண். புதியதில் ‘ஜிஐடி’ என்று தொடங்கி, அது ஆர்டரா, பொருளா என்ற வகையையும் சொல்லி, கடைசியில் அதே எண்ணில் முடியும் ஒரு எழுத்துச் சரம். டேட்டாபேஸில் உள்ள எண்களை மாற்ற வேண்டியதே இல்லை. ஷாப்பிஃபைக்குப் போகும்போது சரம், எங்கள் பக்கம் வரும்போது எண். வெப்ஹுக்குகளும் (கடையில் ஏதாவது நடந்தால் ஷாப்பிஃபை தானாக அனுப்பும் செய்திகள்) அப்படியே இருந்தன. அவற்றின் செய்தியில் பழைய எண்ணும் புதிய சரமும் இரண்டுமே இருக்கின்றன. டோக்கன் (ஆப் உள்ளே நுழையும் சாவி), அனுமதிகள், வெப்ஹுக் கையொப்பம் சரிபார்ப்பு எதையும் தொடவில்லை.

புது நிரல் தயாரானதும் பழையதை அணைத்துவிடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம். ஆர்டர் வந்ததும் பழைய வழியில் எடுத்துக் கிடங்குக்கு அனுப்பும். அதே ஆர்டரைப் புதிய வழியிலும் எடுத்து, கிடங்குக்குப் போகவிருக்கும் இறுதி வடிவமாக்கி, இரண்டையும் புலம் புலமாக ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கும். ஏபிஐ தரும் மூலப் பதிலை ஒப்பிடுவதில் பயனில்லை, எல்லாமே வேறு வேறாகத்தான் இருக்கும். கிடங்கின் கைக்குப் போவதுதான் ஒன்றாக இருக்க வேண்டும்.

எத்தனை டெஸ்ட் எழுதினாலும் கிடைக்காத விஷயங்கள் இங்கே கிடைத்தன. பழைய ஏபிஐயில் இன்னும் அனுப்பப்படாத ஆர்டரின் அனுப்புதல் நிலை ‘நல்’ ஆக, அதாவது வெறுமையாக இருக்கும். புதியதில் அதே ஆர்டர் ‘அன்ஃபுல்ஃபில்டு’ என்று பெரிய எழுத்தில் வரும். பணம் கட்டிய நிலையும் பெரிய எழுத்துக்கு மாறியிருக்கும். தொகை பழையதில் 199.00 என்று வந்தால், புதியதில் 199.0 என்று வரும். பார்க்க ஒன்றுதான். ஆனால் எங்கோ ஒரு மூலையில் தொகையை எண்ணாகப் பார்க்காமல் எழுத்துச் சரமாக ஒப்பிடும் பழைய ஸ்கிரிப்ட் இருந்தால், ஒவ்வொரு ஆர்டரும் திருத்தப்பட்டதாகத் தெரியும். ஒப்பீட்டு லாக் இதையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியது.

ஒப்பீட்டில் போலி வித்தியாசங்களும் வரும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே வாடிக்கையாளர் முகவரியைத் திருத்திவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒப்பிடு, இல்லையென்றால் இரண்டையும் மறுபடி எடு என்று வைத்தபிறகு லாகில் உண்மையான வித்தியாசங்கள் மட்டும் மிஞ்சின. அவை ஒன்றுமில்லாமல் போகும்வரை காத்திருந்தோம்.

ஸ்டாக் பக்கம், புதிய ஏபிஐ நிஜமாகவே மேலானது. பழைய முறையில் எண்ணிக்கையை எழுதினால், அங்கே என்ன இருந்தாலும் அதன் மேல் எழுதிவிடும். ஒரு சட்டை கடையில் 12 என்று காட்டுகிறது, கிடங்குக்குப் புதிதாக 10 வந்திருக்கிறது, நிரல் 22 என்று எழுதப்போகிறது. அந்த இடைவெளியில் ஒன்று விற்றுக் கடையில் 11 ஆகிவிட்டது. 22 என்று எழுதினால் இல்லாத ஒரு சட்டையை விற்பனைக்கு வைத்துவிட்டோம். நாங்கள் மாறிய பதிப்பில், எண்ணிக்கையை எழுதும் மியூட்டேஷனில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்ணையும் சேர்த்து அனுப்பலாம்: இப்போது அங்கே 12 இருந்தால்தான் 22 ஆக்கு. இல்லையென்றால் மறுத்துவிடும். நிரல் மறுபடி படித்து, 11 என்று தெரிந்துகொண்டு, 21 என்று எழுதும். இந்த ஒப்பீட்டை வேண்டாம் என்று தவிர்த்துவிடவும் வழி கொடுத்திருக்கிறார்கள். தவிர்த்தால் நிரல் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் பண்டிகைக் கால நெரிசலில் ஸ்டாக் கணக்கு தப்பாமல் இருக்க வேண்டுமென்றால் அந்தச் சுருக்கம் வேண்டவே வேண்டாம்.

இரவில் எல்லாப் பொருள்களையும் மொத்தமாக இழுக்கும் வேலையை ‘பல்க் ஆபரேஷன்’ என்ற மொத்தச் செயல்பாட்டுக்கு மாற்றினோம். க்வெரியைக் கொடுத்துவிட்டால் அவர்கள் பக்கமே ஓடி முடித்து, வரிக்கு ஒரு ஜேசனாக (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) ஒரு கோப்பைத் தரும். பொருளும் அதன் வகைகளும் தனித்தனி வரிகளில் இருக்கும், வகையின் வரியில் அதன் தாய்ப்பொருளின் ஐடி இருக்கும்; நாம் கோத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இந்த இரவு வேலைக்காக இருந்த பக்கம் புரட்டும் நிரல் முழுவதையும் அழித்தேன்.

மாற்றும் நாளுக்கு முன்பு கிடங்குப் பொறுப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். “எங்க ஸ்கிரீன்ல ஏதாவது மாறுமா சார்?” என்று கேட்டார். எதுவும் மாறாது, ஏதாவது மாறின மாதிரி தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். முதலில் படிக்கும் வேலையை மட்டும் புதிய வழிக்கு மாற்றினோம். ஆர்டர்கள் ஒழுங்காகப் போவதைப் பார்த்த பிறகே ஸ்டாக் எழுதுவதை மாற்றினோம். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். ஏதாவது ஆனால் ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுக்கலாம். கூப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

ரெஸ்ட் நிரலை இப்போது முழுவதும் நீக்கியாகிவிட்டது. ஒப்பீட்டு நிரலை மட்டும் வைத்திருக்கிறேன். காரணம், ஷாப்பிஃபை ஏபிஐக்குக் காலாண்டுக்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றும் குறைந்தது 12 மாதம் ஆதரிக்கப்படும். ஆதரவு முடிந்த பதிப்பைக் கேட்டால் அழைப்பு நின்றுபோகாது, ஆதரவில் உள்ள மிகப் பழைய பதிப்புக்குத் தானாக நகர்ந்து பதில் வரும். எந்தப் பதிப்பில் பதில் வந்தது என்பது பதிலின் ஹெடரில் (பதிலோடு வரும் தலைப்புத் தகவலில்) இருக்கும். நாம் கேட்ட பதிப்பும் அதுவும் ஒன்றில்லை என்றால் எங்களுக்கு எச்சரிக்கை வரும். அடுத்த பதிப்புக்குப் போகும்போது, இந்த முறை ரெஸ்டுக்கும் கிராஃப்க்யூஎல்லுக்கும் நடுவே ஓடிய அதே ஒப்பீடு, பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் நடுவே ஓடும்.