சொரியாசிஸை எது கிளப்பிவிடுகிறது: பினாங்கில் என் சிகிச்சை அனுபவம்

தோல் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் நோய்க்காக, பட்டர்வொர்த் அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, பினாங்குத் தீவில் உள்ள மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்றேன். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றிருந்த எனக்கு, அன்று பெரும்பகுதி கேள்விகளிலேயே கழிந்தது.

தலை, கைகள், உடல், கால்கள் எனப் பிரித்து, சிவப்பு, தடிப்பு, செதில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டார் மருத்துவர். பாதித்த பரப்பையும் சேர்த்துப் போடும், ‘பாசி’ (PASI) எனப்படும் இக்கணக்கு 72 வரை போகும். ஆனால் பரப்பு குறைவாக இருந்தாலும், நகமும் உள்ளங்கையும் பாதிக்கப்பட்டால் நோயைக் கடுமையானதாகவே கொள்கிறார்கள். அது நியாயம்தான், வெடித்த உள்ளங்கையோடு வேலை செய்பவருக்கே அந்த வலி தெரியும்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த பிறகு, முதுகில் கொக்கி மாட்டிய இடங்களிலெல்லாம் வரிசையாகச் செந்தடிப்புகள் எழுந்திருந்ததைக் காட்டினேன். காயம் பட்ட தோலில், பெரும்பாலும் 10 முதல் 20 நாட்களுக்குள், புதிய தடிப்பு தோன்றுவதைக் கோப்னர் விளைவு என்பார்களாம். சொறிவதும் சிராய்ப்பும்கூட அதற்குப் போதும். வேண்டுதலை விடச் சொல்லவில்லை, நோய் அடங்கும்வரை அலகு குத்த வேண்டாம் என்றார். அம்மாவிடம் தயங்கியே சொன்னேன். “முருகனுக்குக் காவடியும் ஒன்னுதான், பால்குடமும் ஒன்னுதான் தம்பி. முதல்ல உடம்பப் பாரு” என்று முடித்துவிட்டார்.

அடுத்து, இரத்த அழுத்தத்துக்கு நான் உண்டுவந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பீட்டா பிளாக்கர் வகை. அவ்வகையும், மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியமும் சிலருக்கு நோயைக் கூட்டிவிடும் என்பதால், மாற்று மருந்து கேட்டு கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார். அதுவரை நானாக நிறுத்தக் கூடாது என்றும் எச்சரித்தார். அழற்சியை அடக்கும் ஸ்டெராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிடச் சீறி எழலாம் என்பதையும் விளக்கினார். மூட்டுவலிக்கென விற்கும் சில பொடிகளில் சொல்லாமலே ஸ்டெராய்டு கலந்திருப்பது மலேசியாவில் பிடிபட்டிருப்பதால், நம்மவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

நோயைக் கிளப்பக்கூடிய புகை, மது, மன உளைச்சல், தொண்டைப் புண் பற்றியும் கேட்டார். உடல் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது என்று சொல்லி, இடுப்பையும் அளந்தார்.

இரத்தப் பரிசோதனைக்குப் பின், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டிய, நோயெதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கியது. காலையில் விரல்கள் விறைத்திருப்பதைச் சொன்னதும், இந்நோய் மூட்டுகளையும் தாக்கக்கூடும் என்பதால் மூட்டுப் பிரிவுக்கும் அன்றே எழுதிக் கொடுத்தார்.