பட்டைக்கு அடியில் ஒரு தட்டை வண்டு

போடி பக்கத்துத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த இலவமரத்தை அறுக்கும்போது பட்டை தானாகவே கழன்று வந்தது. உள்ளே புளித்த வாடை, நெளியும் ஈப்புழுக்கள், நடுநடுவே பளபளக்கும் கறுப்பு வண்டுகள். “இவன்தான் மரத்தைத் தின்னுருக்கான் மாப்ள, மருந்தடிச்சிருவோமா?” என்றார் மாமா.

பேர் தெரியாமல் மருந்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் விட்டேன். காலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு செத்தது மாதிரி கிடந்தது. படமெடுக்க அதுவும் வசதிதான். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத நீளம், நாணயம் அளவுக்குத்தான் தடிமன். கறுப்புப் பளபளப்பில் ஃப்ளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது. ட்ரேசிங் பேப்பரை மறைப்பாகப் பிடித்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் புரட்டிப் போட்டும் எடுத்தேன்.

முன்னால் நீட்டிய தாடையைப் பார்த்தால் மான்கொம்பு வண்டின் குட்டித் தம்பி என்று தோன்றும். ஆனால் அந்த வகையில் மேல் இறக்கை வயிற்றை முழுக்க மூடும். இதற்கோ குட்டைச் சட்டை போட்டதுபோல வயிற்றின் கடைசி இரண்டு வளையங்கள் வெளியே தெரிந்தன. உணர்கொம்பு முழங்கைபோல மடங்கி, நுனியில் சிறு குமிழோடு இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தாலே பெரும்பாலும் ஹிஸ்டெரிடே என்ற வண்டுக் குடும்பம்தான். உலகம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேல் இனங்கள் உள்ள குடும்பம் அது.

உயிரினங்களைப் படம் பார்த்து அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்களை ஏற்றினேன். அதன் தானியங்கிப் பரிந்துரை ‘வண்டு’ என்பதோடு நின்றுகொண்டது. அப்புறம் வண்டு தெரிந்த ஒருவர் வந்து ‘ஹோலோலெப்டா’ என்று பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின் பெயரைச் சொன்னார். இவ்வளவு தட்டையான உடம்பும் நீட்டிய தாடையும் அதன் அடையாளமாம். இனம் வரை போக முதுகுக் கோடுகளையும் பின்பக்கப் புள்ளிகளையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எனக்குப் பேரினமே போதும்.

ஏனென்றால் மாமாவின் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. இது மரம் தின்னியே அல்ல. அழுகும் பட்டைக்குள் பிறக்கும் ஈப்புழுக்களைத் தின்று வாழ்வது. இதே குடும்பத்து வண்டான பிளேசியஸ் ஜாவானஸை, வாழைக் கிழங்குக் கூன்வண்டை ஒழிக்க ஜாவாவிலிருந்து ஃபிஜித் தீவுக்கே கொண்டுபோயிருக்கிறார்கள்.

அப்போ மரத்தைச் சாய்த்தது? அடித்தண்டில் விரல் நுழையும் துளையும், அதன் வாயில் அடைத்த மரத்தூளும் இருந்தன. நீண்ட உணர்கொம்பு கொண்ட தண்டுத் துளைப்பான் வகையின் வேலை மாதிரி இருந்தது. அந்தத் துண்டை மட்டும் பிளந்து எரிக்கச் சொன்னேன். பக்கத்து மாமரத்தின் அடியிலும் தூள் கொட்டியிருக்கிறதா என்று மாமா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.