யுகுலேலேவுக்குப் பிக் வாங்கும் முன்: வலக்கைப் பயிற்சி குறித்த அனுபவக் குறிப்புகள்

கிட்டாரைப் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட சிறு கருவியான யுகுலேலேயைக் கற்கத் தொடங்குகிறவர்கள் மிக விரைவிலேயே கேட்டுவிடும் கேள்வி, எந்த பிக் (தந்தியை மீட்டப் பயன்படும் சிறு தகடு) வாங்குவது என்பதுதான். கிட்டார் வாசித்துப் பழகிய பின் இக்கருவிக்கு வருகிறவர்களுக்கு, கையில் பிக் இல்லாமல் தந்தியைத் தொடுவதே நிறைவின்றித் தோன்றும். வேலைக்குப் போய்க்கொண்டே ஓர் ஆசிரியரிடம் முறையாகப் பயின்ற எனக்கு உறுதிப்பட்டது என்னவென்றால், பிக்கைப் பற்றிய முடிவைக் கடைசியில் எடுப்பதே நல்லது. கருவியைத் தாங்கும் விதம், வலக்கை விழும் இடம், மணிக்கட்டின் அசைவு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால், எந்த பிக் தேவை, பிக்கே தேவையா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

தாங்கும் விதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஸ்ட்ரம்மிங்கில், அதாவது எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டுவதில், வரும் இறுக்கத்துக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மிகச் சிறிய வகையான சொப்ரானோவை வலது முன்கையால் மார்போடு லேசாக அணைத்துப் பிடிப்பதே மரபு. கருவி நழுவிவிடுமோ என்ற அச்சம் இருக்கும்வரை முன்கை அதை அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தும் கையின் மணிக்கட்டு தளர்வாக ஆடாது. அந்த நிலையில் எவ்வளவு நல்ல பிக்கைக் கொடுத்தாலும் ஓசை முரடாகத்தான் வரும். டெனர், பாரிடோன் ஆகிய பெரிய வகைகளுக்குத் தோளில் மாட்டும் ஸ்ட்ராப் பொருத்திக்கொள்வதை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஸ்ட்ராப் மாட்டியபின் இரு கைகளையும் எடுத்துப் பாருங்கள். கருவி அதன் இடத்திலேயே நின்றால் உங்கள் வலக்கைக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது கை விழும் இடம். ஒலித்துளைக்கு நேர் மேலேதான் மீட்ட வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் சொப்ரானோவிலும், அதைவிடச் சற்றே பெரிய கான்சர்ட் வகையிலும் கழுத்துப் பகுதி உடலோடு சேரும் இடத்தை ஒட்டி மீட்டினால்தான் ஓசை உருண்டு, இனிமையாக ஒலிக்கும். அங்கே தந்தி நன்றாக நெகிழ்ந்து கொடுப்பதால் விரலுக்கும் சுகமாக இருக்கும். உடலின் மேல் தந்திகளின் முனையைத் தாங்கும் பிரிட்ஜை நோக்கி நகர நகரத் தந்தி விறைப்பாகி ஓசையும் கூர்மையாகிவிடும்.

விரலாலேயே மீட்டப் பழகுவதற்கு நியாயமான காரணமுண்டு. மதீராத் தீவிலிருந்து 1879-இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலூலூவுக்கு வந்திறங்கிய போர்த்துக்கீசியத் தொழிலாளர்களிடையே, மானுவேல் நூனெஸ் உள்ளிட்ட தச்சர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் தம் ஊரின் மச்செத்தே என்ற சிறு கருவியை ஒட்டி ஹவாயில் செய்தவற்றிலிருந்தே யுகுலேலே உருப்பெற்றது. ஹவாய் வாசிப்பு முறையில் இன்றளவும் விரல்களுக்கே முதலிடம். ஆள்காட்டி விரலை லேசாக மடித்துக்கொண்டு, கீழே வரும்போது நகத்தின் முதுகும் மேலே போகும்போது விரல்நுனியின் சதையும் தந்தியில் படுமாறு வீச வேண்டும். நகம் சதைக்கு மேல் சற்றே நீண்டிருந்தால் போதும். அதிகம் வளர்ந்துவிட்டால் மேல்வீச்சில் தந்தியில் மாட்டிக்கொள்ளும். நகத்தின் ஓரத்தில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் நைலான் தந்தியில் அது கீச்சென்று கேட்கும். வாசிக்கும் முன் மெல்லிய அரத்தால் ஓரத்தை மழுக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

மணிக்கட்டுப் பயிற்சிக்கு, இடக்கை விரல்களைத் தந்திகளின் மேல் லேசாகப் படியவைத்து ஓசையை அடக்கிவிட்டு, வலக்கையை மட்டும் மெட்ரோனோமோடு (சீரான வேகத்தில் தாளம் தட்டும் கருவி) மேலும் கீழும் வீசிக்கொண்டிருப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. வேகத்தை நிமிடத்துக்கு 60 அடிகள் என்று வைத்துத் தொடங்கலாம். கர்நாடக இசைப் பரிச்சயம் உள்ளவர்கள் 'தகதிமி தகஜுணு' என்ற எட்டு எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வீசலாம். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு எழுத்துகள். த, தி, த, ஜு ஆகியவற்றில் கை கீழே வரும். க, மி, க, ணு ஆகியவற்றில் மேலே போகும். பெரும்பாலான பாடநூல்களில் வரும் 'கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்' என்ற வீச்சு இதிலிருந்தே கிடைக்கிறது: முதல் 'க'விலும் இரண்டாவது 'த'விலும் தந்தியைத் தொடாமல் கையை மட்டும் வீசிவிட வேண்டும். கை ஓரிடத்திலும் நிற்பதில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தந்தியைத் தொடாத இடத்தில் கையை நிறுத்திவிடுகிறவர்களுக்குத் தாளம் தடுமாறுவதோடு, ஒவ்வொரு முறையும் கையைப் புதிதாக உந்த வேண்டியிருப்பதால் முன்கை விரைவில் வலிக்கத் தொடங்கும்.

இனி பிக். இக்கருவியின் சுருதி அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் பிக்கைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இருக்கும். வாசிப்பவரின் முகத்துக்கு அருகிலிருந்து எண்ணினால் தந்திகள் ஜி, சி, இ, ஏ என்ற மேற்கத்திய சுரங்களில் வரும். கிட்டாரில் மேலேயுள்ள தந்தி மிகத் தாழ்ந்த சுருதியில் இருக்கும். வழக்கமான யுகுலேலேயில் அங்கிருக்கும் ஜி தந்தி 392 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்கடுத்த சி 262 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட, கடைசித் தந்தியான ஏ 440-இல் ஒலிக்கிறது. இரு ஓரங்களிலும் உயர்ந்த சுருதிகள் இருப்பதால், கை கீழே வந்தாலும் மேலே போனாலும் ஓசையின் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். யுகுலேலே ஸ்ட்ரம்மிங்கின் மினுமினுப்பு இந்த அமைப்பிலிருந்துதான் வருகிறது. தடித்த, விறைப்பான பிக் இந்தச் சமநிலையைக் குலைத்துவிடும்: கீழ்வீச்சில் ஜி தந்தி மட்டும் தெறித்துக் கேட்கும், தந்தி தன் இடத்திலிருந்து அதிகம் விலகி, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியான ஃபிரெட்டில் மோதி இரையவும் செய்யும். வளைந்துகொடுக்க வேண்டியது பிக், தந்தி அல்ல.

சொப்ரானோவுக்கும் கான்சர்ட்டுக்கும் கம்பளி நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட் பிக்கையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஃபெல்ட், விரல்சதையின் மென்மைக்கு மிக அருகில் வருகிறது. புதிதாக வாங்கியது சற்று விறைப்பாகவே இருக்கும். முனையை விரல்களுக்கிடையில் வைத்துக் கசக்கிப் பதப்படுத்திக்கொள்ளலாம். நாளடைவில் அதிலிருந்து பஞ்சுபோன்ற துகள்கள் உதிர்ந்து ஒலித்துளையின் ஓரத்தில் சேரும், அவற்றை ஊதிவிட்டால் போதும். தோலாலான பிக்கும் மென்மையான ரப்பர் பிக்கும் இதைவிடச் சற்றுத் தெளிவான ஓசை தரும். ரப்பர் தந்தியைக் கொஞ்சம் பற்றி இழுப்பதால், வேகமான வீச்சுக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் 0.5 மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லியதைத் தேர்ந்தெடுங்கள்.

டெனரில் ஜி தந்தியை ஒரு ஸ்தாயி கீழே வைத்துக்கொள்கிறவர்களும், பாரிடோன் வாசிக்கிறவர்களும் வேறு கணக்குப் போட வேண்டும். அங்கே தாழ்ந்த சுருதித் தந்திகள் பெரும்பாலும் உலோக இழை சுற்றியவையாக இருப்பதால், ஃபெல்ட்டின் முனை விரைவில் தேய்ந்துவிடும், அதன் ஓசையும் மங்கலாகத் தோன்றும். தனி மெட்டுகளைத் தந்தி தந்தியாக எடுத்து வாசிக்க விரும்புகிறவர்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரையிலான நைலான் பிக் பொருத்தமாக இருக்கும்.

பிக்கைப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். மடித்த ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, அதன்மேல் பெருவிரலின் சதையைப் படியவிட்டு, முனையில் ஒரு சிறு பகுதி மட்டும் வெளியே தெரியுமாறு பிடிக்க வேண்டும். மற்றொருவர் லேசாக இழுத்தால் கையிலிருந்து வந்துவிடும் அளவுக்குத் தளர்வு இருந்தால் அது சரியான பிடி. பிக் தந்திகளுக்குச் செங்குத்தாக நிற்காமல் சற்றே சாய்ந்து வழுக்கிச் செல்ல வேண்டும். கீழ்வீச்சுக்கும் மேல்வீச்சுக்கும் அந்தச் சாய்வு மணிக்கட்டின் சுழற்சியால் இயல்பாக மாறிக்கொள்ளும்.

ஒரு பிக் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று அறிய, கைப்பேசியைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, ஒரே விரலால் பிடிக்கக்கூடிய சி கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டு) மட்டும் சீராக மேலும் கீழும் மீட்டிப் பதிவு செய்யுங்கள். சிறிது நேரம் கழித்துக் கண்களை மூடிக்கொண்டு அதைக் கேளுங்கள். எது கீழ்வீச்சு, எது மேல்வீச்சு என்று ஓசையின் அளவை வைத்தே பிரித்துச் சொல்ல முடிந்தால், பிக் விறைப்பாக இருக்கிறது அல்லது பிடி இறுகியிருக்கிறது. பிடியைத் தளர்த்தி மீண்டும் பதிவு செய்து பாருங்கள். வேறுபாடு அப்போதும் குறையவில்லையென்றால் மட்டும் மெல்லிய பிக்குக்கு மாறுங்கள். இந்தச் சோதனையை விரலிலும் செய்து பார்க்கலாம். மெல்லிய மேற்பலகை கொண்ட கருவிகளில் பெரும்பாலும் காப்புத் தகடு இருப்பதில்லை என்பதால், பிளாஸ்டிக் பிக் பயன்படுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை தந்திகளுக்குக் கீழே மரத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. அங்கே மெல்லிய கீறல்கள் தெரியத் தொடங்கினால் முனை அதிகம் வெளியே நீண்டிருக்கிறது. பிக்கை இன்னும் சற்று உள்வாங்கிப் பிடித்தால் கீறல்கள் மேலும் கூடாது.